ஆறு நாற்பதுக்கு வரும் மிஸி: வன்னிக்கு நியமனம் பெற்று வரும் புதிய தாதியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுப் படிப்பை முடித்திருக்கிறீர்கள். நியமனக் கடிதத்தில் கிளிநொச்சி என்றோ, முல்லைத்தீவு என்றோ, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்றோ எழுதியிருக்கிறது. வீட்டில் ஒருவரும் பெரிதாகச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். 2016 இல் எனக்கும் அப்படித்தான் இருந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "எப்ப மாத்தம் எடுக்கலாம்?" என்பதுதான். நான் வடமராட்சிக்காரன். ஆனையிறவைத் தாண்டி அதுவரை மடுவுக்கும் கொழும்புக்கும் போயிருக்கிறேனே தவிர, வன்னியில் ஓர் இரவு தங்கியது கிடையாது.

கடமையேற்ற முதல் மாதமே இடமாற்ற விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டேன். குவாட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வராது. இரவில் வாட்டுக்குப் போகும் வழியில் பாம்பு கிடக்கும். சாப்பாட்டுக் கடை எட்டு மணிக்குப் பூட்டிவிடும். வருடாந்த இடமாற்றத்துக்கு விண்ணப்பம் கோரினார்கள். என்னோடு வந்த நான்கு பேர் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வாட்டில் இருந்த ஒருவர். இன்றும் இருக்கிறார். இன்னும் பதினொரு மாதத்தில் 60 வயதாகி ஓய்வு பெறுகிறார். அதற்குள் உங்களில் சிலராவது அவரைப் போன்ற ஒருவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பெயரை எழுதவில்லை. கேட்டேன், வேண்டாம் என்றார். பெண் தாதியரை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஆஸ்பத்திரியில் மூத்த மிஸி என்றால் எல்லாருக்கும் தெரியும். டொக்டர்மார் முதல் சிற்றூழியர், காவலாளி வரை அவரைப் பற்றி ஒரே குரலில்தான் பேசுவார்கள். எனக்கு அந்தக் குரலோடு ஒரு பிரச்சினை இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

மே 12 உலகத் தாதியர் தினம், புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820 இல் பிறந்த நாள். மற்ற ஊர்களில் அன்று கேக் வெட்டி, விளக்கேற்றி, படம் எடுப்பார்கள். வன்னியில் அந்த நாள் அவ்வளவு இலேசாக வருவதில்லை. முள்ளிவாய்க்கால் நினைவு வாரம் தொடங்குவதும் அன்றுதான். சந்திகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். போரின் கடைசி நாட்களில், 2009 இல் அதே மே 12 அன்றுதான் முள்ளிவாய்க்காலில் இயங்கிய தற்காலிக ஆஸ்பத்திரியில் செல் (எறிகணை) விழுந்து, ஏற்கெனவே காயப்பட்டுக் கிடந்தவர்கள் செத்துப்போனார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் வேலை செய்த ஒருவருக்கு மே 12 இல் பொன்னாடை போர்த்துவது எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. இந்த ஆண்டு போர்த்தினார்கள். மேடையில் பேசியவர் "நடமாடும் தெய்வம்" என்றார். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

மிஸி பொன்னாடையை மடித்து லொக்கருக்குள் வைத்துவிட்டு வாட்டுக்கு வந்தார். கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். "தெய்வம் எண்டு சொல்லிப்போட்டால் அவைக்குச் சுகம், அப்பன். தெய்வம் செய்யிறதை மனிசர் செய்யத் தேவையில்லைத்தானே."

கோபமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்தக் கைதட்டல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. "அவவுக்கு அது பிறவிக் குணம், எங்களுக்கு வராது" என்று எங்கள் வாட்டில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறோம். ஒன்பது ஆண்டுகளாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: அவர் செய்வதில் பெரும்பகுதி பிறவிக் குணம் இல்லை. அது வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கேட்டால் சொல்லுவார். நாங்கள்தான் கேட்காமல் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

உதாரணத்துக்கு, கால்.

காலைக் கடமை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. மிஸி ஆறு நாற்பதுக்கு வந்துவிடுவார். இரவுக் கடமையில் நின்றவர்கள் அறிக்கை சொல்லுவதற்கு முன்பே வாட்டைச் சுற்றி ஒரு நடை. ஒவ்வொரு கட்டிலிலும் போர்வையை இலேசாக விலக்கி நோயாளியின் பாதத்தைத் தொடுவார். "என்னம்மா, நித்திரை வந்ததோ?" என்று ஒரு கேள்வி. அடுத்த கட்டில். முதலில் இதைப் பார்த்தபோது அன்பான ஒரு பழக்கம் என்றுதான் நினைத்தேன். சில நோயாளிகள் அதைத் தங்களுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் போலச் சொல்லிக்கொள்ளுவார்கள்.

மழைக்காலம் வந்து டெங்கு நிறைந்த ஒரு காலையில்தான் விளங்கியது. பதினாறு வயதுப் பெடியன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. தாய்க்குச் சந்தோஷம், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெடியன் எழும்பி இருந்து கதைக்கிறான். மிஸி பாதத்தைத் தொட்டார், பிறகு நகத்தை அமத்திவிட்டுப் பார்த்தார், பிறகு என்னை பிரஷர் பார்க்கச் சொன்னார். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையில் 20 தான் இருந்தது. அவன் அதிர்ச்சி நிலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும் நேரம் என்று நானும் படித்திருக்கிறேன், சோதனையில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஆறு நாற்பதுக்கு அந்தப் பாதம் குளிர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தது என் படிப்பு இல்லை. பெடியன் பிழைத்தான். தாய்க்கு மிஸி அன்று ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினார். "காய்ச்சல் விட்டதும் நாங்கள் சந்தோஷப்படக்கூடாது, அம்மா. இனி ரெண்டு நாள்தான் கவனம்."

அந்தத் தொடுகையை நீங்கள் பாசம் என்று சொல்லுங்கள், பரிசோதனை என்று சொல்லுங்கள். அவரிடம் இரண்டும் ஒன்றுதான். நோயாளிக்குப் பயம் வராமல் பார்ப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது.

அடுத்தது பெயர். எங்கள் வாட்டில் யாராவது "பதினாறாம் பெட்டுக்குச் சேலைன் முடியுது" என்று சொன்னால் மிஸி திருத்துவார். "முத்தையன்கட்டு ஐயாவுக்கு." எந்த நோயாளியையும் பெயராலும் ஊராலும்தான் சொல்லுவார். கொக்கிளாய் அம்மா, ஒட்டுசுட்டான் தம்பி, நெடுங்கேணி ஆச்சி. இரவு இரண்டு மணிக்கு, இரண்டே பேராக நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. இலக்கம் என்றால் ஒரு வினாடி, பெயரும் ஊரும் என்றால் யோசிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஓர் இரவு கேட்டேவிட்டேன். அன்று வாட்டு அமைதியாக இருந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் அவர் மாத்தளனைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு இன்றுவரை பேசவில்லை.

உங்களில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. ஆஸ்பத்திரியும் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தது. தர்மபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியானது. இடம் போதாமல் மரங்களின் கீழே தறப்பாள் விரித்து ஆட்களைக் கிடத்தி, கிளைகளில் சேலைன் கட்டினார்கள். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் கப்பல்கள் காயப்பட்டவர்களை முதலில் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் கொண்டுபோயின. துணைக்குப் போனவர்களையும் சேர்த்து 13,000 பேருக்கு மேல் அப்படிக் கடல் வழியாகப் போனார்கள். கப்பல் கரைக்கு வர முடியாது. மீன்பிடி வள்ளங்களில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஒரு காயக்காரரோடு ஒருவர் போகலாம், மற்றவர்கள் கரையிலே நிற்பார்கள்.

மிஸி சொன்னது இவ்வளவுதான். வள்ளத்தில் ஏற்றுவதற்கு முன்னர் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, பேனையால் பெயரும் ஊரும் எழுதி, மணிக்கட்டில் ஒட்டிவிடுவாராம். நினைவில்லாமல் போகிறவர்கள் எங்கே இறக்கப்படுவார்கள், யார் தேடி வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் எழுதினால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் ஊரும் வேண்டும். ஒரு நாள் ஒரு பெண் பிள்ளை, ஆறு ஏழு வயது இருக்கும். பெயரைச் சொல்லிவிட்டது. ஊரைக் கேட்பதற்குள் வள்ளம் வெளிக்கிட்டுவிட்டது.

"பேரை மட்டும் எழுதி விட்டிட்டன், அப்பன். ஊரைக் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு அவர் எழும்பிப் போய்ச் சேலைன் பார்த்தார். நானும் எழும்பிப் போனேன். அன்றிலிருந்து பெட் இலக்கம் சொல்லி யாரையும் நான் கூப்பிடுவதில்லை. நீங்களும் எங்கள் வாட்டுக்கு வந்தால் முதல் நாளே இதைக் கேட்கப்போகிறீர்கள். ஏன் என்று தெரிந்துகொண்டு வாருங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இனி நான் கற்றுக்கொள்ள மிகக் கஷ்டப்பட்ட விசயத்துக்கு வருகிறேன். ஏசாமல் இருப்பது.

வன்னியில் பாம்புக்கடி அதிகம். வயல், காடு, குளக்கட்டு, தரையில் பாய் போட்டுப் படுக்கும் வீடுகள். கடிபட்டவரைப் பல குடும்பங்கள் முதலில் விஷகடி வைத்தியரிடம் கொண்டுபோவார்கள். பச்சிலை அரைத்துப் பூசி, கயிறு இறுக்கிக் கட்டி, நான்கு மணி நேரம் கழித்து எங்களிடம் வருவார்கள். என்னுடைய முதல் ஆண்டில் அப்படி வந்த ஒரு குடும்பத்தை நான் வெளுத்து வாங்கினேன். "இவ்வளவு நேரம் என்ன செய்தனீங்கள்? ஆள் செத்தால் ஆர் பொறுப்பு?" நியாயமான கோபம் என்றுதான் நினைத்தேன். மனைவி நடுங்கிப் போனார். பாம்பு என்ன நிறம், எப்போது கடித்தது, இடையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று டொக்டர் கேட்டபோது எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றார்.

மிஸி என்னை ஒரு பக்கம் கூட்டிப்போய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவை வாங்கில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, "வைத்தியரிட்டக் காட்டிப்போட்டு இங்கயும் கொண்டுவந்தீங்கள், அது நல்ல காரியம்" என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வந்தது. ஏழு மணிக்கு வரம்பில் கடித்தது, தடித்த பாம்பு, மேலில் வட்டம் வட்டமாகப் புள்ளி இருந்தது, வைத்தியர் குடிக்க ஏதோ சாறு கொடுத்தார், ஒரு தரம் சத்தி எடுத்தார், முரசிலே இரத்தம் கசிந்தது. புடையன். அந்தக் கடைசித் தகவல் பயந்துபோன மனைவியிடமிருந்து எனக்குக் கிடைத்திருக்காது.

அன்றுதான் அவர் எனக்கு அந்த இருபது நிமிடத்தையும் சொல்லித்தந்தார். கொஞ்ச இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சரித்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது, எதிர்ப்பு மருந்து ஏற்ற வேண்டும். குழாய் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் பிழையான முடிவு தரும். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, அந்த 20 நிமிடமும் மிஸி எங்கே நிற்பார் என்பது. குழாய்க்குப் பக்கத்தில் நிற்க மாட்டார். குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார். "இன்னும் பன்னிரண்டு நிமிசம் இருக்கு" என்று நேரம் சொல்லிக்கொண்டிருப்பார். காத்திருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் குழம்ப மாட்டார்கள், நோயாளியைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்கு ஓட மாட்டார்கள் என்பார். எதிர்ப்பு மருந்து ஏறத் தொடங்கும் நேரம் ஆளை விட்டு நகரவே மாட்டார். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அப்போதுதான் வரும். அட்ரினலினை ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பார்.

சில இரவுகளில் கடித்த அடையாளமே தெரியாமல் வருவார்கள். தரையில் படுத்திருந்தவர், விடிய எழும்பும்போது வயிற்று நோ, கண் இமை சோர்ந்து விழுகிறது. கடித்த இடத்தில் வீக்கமும் இல்லை, நோவும் இல்லை. குடிவெறி என்று நினைத்து ஓரமாக விட்டுவிடக்கூடிய ஆட்கள். மிஸி முகத்துக்கு நேரே குனிந்து, "என்னை மேலே பாருங்கோ ஐயா" என்று சொல்லி இமையைப் பார்ப்பார். குடித்துவிட்டு வந்தவரிடமும் அதே மரியாதையோடுதான் கேட்பார். மரியாதையோடு கேட்டால்தான் ஆள் நிமிர்ந்து பார்ப்பார், பார்த்தால்தான் இமை தெரியும்.

அப்புறம் ஒரு விசயம். ஏசினால் அந்த ஒரு குடும்பத்தோடு முடியாது. ஊருக்குப் போய்ச் சொல்லுவார்கள். அடுத்த முறை பக்கத்து வீட்டில் யாருக்காவது கடித்தால், எங்களிடம் வருவதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். அந்த யோசனைக்கு வன்னியில் நேரம் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி வெகுதூரம். பிந்திய பஸ் போய்விட்டால் மோட்டார் சைக்கிளில் காட்டுப் பாதையால் வர வேண்டும், வழியில் யானை நிற்கும். எங்களிடம் வந்து சேரும் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கடந்துதான் வருகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போதும் மிஸி அதை மறக்க மாட்டார். பின்னேரம் துண்டு வெட்டினால், "ஐயாவுக்கு இனி பஸ் இல்லை, காலமை விடுவம்" என்று டொக்டரிடம் கேட்டு ஒரு இரவு கட்டிலைக் கொடுத்துவிடுவார். இடநெருக்கடி நாட்களில் இதற்காக மற்றவர்களோடு வாதாடியும் இருக்கிறார்.

நோயாளியைப் பதியும்போது நாங்கள் நிரப்பும் தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருமணமானவரா, விதவையா, பொறுப்பான உறவினர் யார். உங்களுக்கு அது மூன்று கூடு. எங்கள் வாட்டுக்கு வரும் பல அம்மாமாருக்கு அந்தக் கூடுகளில் எழுத விடை கிடையாது. கணவரையோ மகனையோ 2009 இல் இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்றும் தேடுகிறவர்கள் அவர்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் அவர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக் கணக்காக நீண்டது. வெயிலில் இருந்து இருந்து பிரஷரும் சீனி வருத்தமும் கூடி எங்களிடம் வந்து படுத்த அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் நான், "புருசன் இருக்கிறாரா அம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். அன்று முழுக்க மருந்து குடிக்கவும் மறுத்தார்.

மிஸி கேட்கும் விதம் வேறு. "இப்ப உங்களோட வீட்டில ஆர் இருக்கினம்?" என்று கேட்பார். அதற்கு எல்லாருக்கும் ஒரு விடை இருக்கிறது. மகள், பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டு அக்கா. அந்தப் பெயரை உறவினர் கூட்டில் எழுதிக்கொள்ளுவார். திருமணக் கூட்டை விட்டுவிடுவார். யாராவது அதிகாரி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பார். ஒன்பது ஆண்டில் யாரும் கேட்கவில்லை.

அதே போல, ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில், "உடம்பில செல் துண்டு ஏதும் இருக்கோ?" என்றும் கேட்பார். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் அது தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் கேட்காவிட்டால் பலர் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது பழகிவிட்டது. இரவில் தட்டுமுட்டுகளைக் கீழே போடக்கூடாது, ஒட்சிசன் சிலிண்டரை இழுக்காமல் வண்டிலில் வைத்துத் தள்ள வேண்டும் என்று சிற்றூழியர் அண்ணைமாருக்குச் சொல்லி வைத்திருப்பதும் இதனால்தான். ஒரு முறை ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்கு ஒரு ஆச்சி சேலைனோடு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். மிஸி தானும் கீழே இறங்கி, தரையில் அவரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் மேலே கூட்டி வந்தார்.

உயிரை மாய்க்க முயன்று வருகிறவர்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அவர்களுடைய கதை அவர்களுடையது. நீங்கள் அறிய வேண்டியது ஒன்றுதான். எங்கள் வாட்டில் அவர்களிடம் யாரும் "ஏன் செய்தனி?" என்று கேட்பதில்லை. காரணம் கேட்பதும் கதைப்பதும் மனநல டொக்டரும் அவருடைய ஆட்களும் செய்வார்கள். அதுவரை எங்கள் வேலை, கதவுப் பக்கக் கட்டிலில் இல்லாமல் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் கொடுப்பது, பார்க்க வருகிறவர்கள் ஏச விடாமல் தடுப்பது, விடியும்போது "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ பிள்ளை?" என்று கேட்பது. கடன் சுமையோடு வந்த ஓர் இளம் தாய் பிறகு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளினிக் நாளில் மிஸியைப் பார்க்க வந்தார். என்ன சொல்லித் தேற்றினீர்கள் என்று நான் மிஸியிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். தலை சீவி இழுத்துவிட்டாராம்.

இவ்வளவும் எழுதிய பிறகு, நானும் அவரைத் தெய்வம் ஆக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதனால் இதையும் எழுதுகிறேன். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கினேன். புதிதாக வருகிறவர்களுக்கு அவரே சொல்லும் கதைதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இரவு. விபத்தில் மூன்று பேர் ஒன்றாக வந்திருந்தார்கள். வாட்டில் இரண்டு பேர்தான் கடமை. ஒரு முதியவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டும், காலை நீட்டிவிட வேண்டும், மகன் வந்துவிட்டானா. ஐந்தாவது முறை மிஸி திரும்பி, "ஐயா, கொஞ்சம் சும்மா இருக்கமாட்டீங்களே!" என்று கத்திவிட்டார். முதியவர் பிறகு கூப்பிடவில்லை. விடிய நான்கு மணிக்குப் பார்த்தபோது ஆள் இல்லை. இதயம் நின்றிருந்தது. கூப்பிட்டிருந்தால் தப்பியிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. தப்பியிருக்க மாட்டார் என்றுதான் டொக்டர் சொன்னார். ஆனால் கூப்பிடாமல் இருந்ததற்குத் தான் காரணம் என்று மிஸி நம்புகிறார். மகன் வந்தபோது அதை அவரிடம் அப்படியே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த மகன் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் வீட்டிலயும் அப்பிடித்தான், அம்மா" என்றார். மிஸிக்கு அது ஆறுதலாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த இரவில் இரண்டு பேருக்குப் பதிலாக நான்கு பேர் நின்றிருந்தால் அவர் கத்தியிருக்க மாட்டார். மாகாணத்திலும் கொழும்பிலும் ஆளணியைத் தீர்மானிக்கும் பெரியவர்கள் யாராவது இதை வாசித்தால், இந்த ஒரு பந்தியை மட்டும் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்களோடு வேலை செய்த நல்ல தாதியர் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும், வீட்டுக் கடன் கட்ட வேண்டும். போனவர்களின் இடம் வன்னியில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. வருகிறவர்களுக்கு ஒழுங்கான குவாட்டர்ஸும், குடிநீரும், இரவில் வாட்டுக்கு நடந்து போக வெளிச்சமும் இருந்தால் பாதிப் பேர் இடமாற்றம் கேட்க மாட்டார்கள். நான் கேட்காமல் விட்டது ஓர் ஆளுக்காக. எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படி ஓர் ஆள் இருப்பார் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது.

சரி, உங்களிடமே திரும்பி வருகிறேன். இடமாற்றம் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுச் சூழல் எனக்குத் தெரியாது. வயதான அம்மா அப்பா இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். முதல் ஓர் ஆண்டு மட்டும், உங்கள் வாட்டில் யாரைப் பற்றி எல்லாரும் "அவ தெய்வம்" என்று சொல்லுகிறார்களோ, அவருடைய கடமை நேரத்தோடு உங்கள் கடமை நேரத்தைச் சேர்த்துப் போடச் சொல்லிச் சிஸ்டரிடம் கேளுங்கள். பக்கத்தில் நில்லுங்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். நான் முதல் கேள்வி கேட்க மூன்று ஆண்டு எடுத்தேன். உங்களுக்கு, எங்கள் மிஸியைப் பொறுத்தவரை, பதினொரு மாதம்தான் இருக்கிறது.

வரும்போது நல்ல டோர்ச் லைட் ஒன்று கொண்டு வாருங்கள், குவாட்டர்ஸ் பாதைக்குத் தேவைப்படும். கால் மூடின சப்பாத்து, நுளம்பு வலை, தண்ணீர் காய்ச்ச ஒரு கேத்தில். நியமனக் கடிதத்தின் நான்கு பிரதிகள். ஏ9 வீதி வழியாக வருகிறவர்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் அன்றே கையெழுத்துப் போட்டுவிடலாம். கடமை ஏழு மணிக்கு என்று கடிதத்தில் இருக்கும். நீங்கள் ஆறரைக்கே வாட்டு வாசலில் நில்லுங்கள். அவர் ஆறு நாற்பதுக்கு வருவார்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் வந்த ஒரு தாதிய உத்தியோகத்தர்
வன்னி